பேத்தியின் கீபோர்டும் எட்டயபுரமும்

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பேத்தி கீபோர்டு வாசித்துக் காட்டினாள். ஏழு வயது. தமிழ் புரியும், பேச வராது. "சாப்பிட்டியா தாயி?" என்பேன், தலையாட்டுவாள். அதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

அன்று வாசித்தது 'ட்விங்கிள் ட்விங்கிள்'. "இது பிரெஞ்சுக்காரன் மெட்டுப்பா" என்றாள் மகள். தேடிப் படித்தேன். 1761-இலேயே பிரான்சில் அச்சில் வந்த மெட்டாம். ஜேன் டெய்லரின் ஆங்கிலப் பாட்டு வந்தது 1806-இல்தான். அதற்கு முன்பே, 1781-82 வாக்கில், மொஸார்ட் அதை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி எழுதிவிட்டார். நம் வித்வான்கள் ஒரே வரியை வைத்து நிரவல் செய்வதில்லையா, அந்த மாதிரி.

முனகிப் பார்த்தேன். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவி, தைவதத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அப்படியே சங்கராபரணத்தில் உட்கார்ந்துவிட்டது!

உடனே எட்டயபுரம் ஞாபகம் வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளியன்று கண்மூடிய ஊர். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், வழியெல்லாம் கரிசல். அவரும் வெள்ளைக்காரர் மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்யம் போட்டார். நோட்டுஸ்வரம் என்பார்கள். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜா பாட்டின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி' அயர்லாந்து ஆட்ட மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் வயலினையே நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து, எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்தவர்.

இவ்வளவும் பக்கத்தில் இருந்தும் ஒரு காரியம் செய்தேன். மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது, பாட்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். மழை பொய்த்த வருஷம், வயலில் பருத்தி கருகிக் கிடந்தது. என் ஒருவன் சம்பளத்தில் தம்பிகள் படிப்பும் ஓடியது. "பாட்டு சோறு போடுமா?" என்றேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானே பேத்தியைக் கூப்பிட்டேன். ரேடியோவில் கேட்டுக் கேட்டு மனதில் படிந்திருந்த 'வந்தே மீனாக்ஷி'யைப் பாடினேன். குரல் பிசிறடித்தது. அவள் சிரித்துவிட்டு, கட்டைகளைத் தட்டித் தட்டித் தேடினாள். வெள்ளைக் கட்டைகளே போதும் இதற்கு. நாலாவது தடவையில் பிடித்துவிட்டாள்.

"தாத்தா, ஒன்ஸ் மோர்" என்றாள்.

மறுபடி பாடினேன். இந்தத் தடவை போனுக்கு அந்தப் பக்கம், படத்தில் தெரியாமல், இன்னொரு குரலும் கூடவே மெல்லப் பாடியது.