பாரதம் நடக்கும் ஊருக்கு இறங்கும் பாதை

ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களில் பங்குனி பிறந்ததும் தொடங்கி ஆடி வரை நடக்கும் மகாபாரத அக்னி வசந்த விழா, ஊரே சேர்ந்து நடத்தும் ஒரு நெடிய இதிகாச நாடகம். போளூர், கலசபாக்கம், செங்கம், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள பல ஊர்களில் இது நடக்கிறது. பத்து நாளில் முடிக்கும் ஊரும் உண்டு, இருபது நாளைத் தாண்டும் ஊரும் உண்டு. பிற்பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை ஒட்டிய சொற்பொழிவு. இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை கட்டைக்கூத்து. கூத்தாடுபவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வரும் தொழில்முறைக் கலைஞர்கள். பந்தல், சமையல், சீர்வரிசை, தீக்குழி, படுகளம் என மற்ற வேலைகளில் பெரும்பாலானவை ஊர்க்காரர்களின் தொண்டு. பல வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே அதை ஏற்கிறார்கள். விழா நோட்டீசில் உபயதாரர் பெயர்களைப் படித்தாலே அது தெரியும். அச்சில் வராத உழைப்பு அதைவிட அதிகம்.

ஜமுனாமரத்தூரிலிருந்து இந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டும். கிழக்கே போளூருக்கு இறங்கும் சாலை சாமைக் கொல்லைகளையும் புளியமரங்களையும் கடந்து, கொண்டை ஊசி வளைவுகள் வழியாக அத்திமூர்ப் பக்கம் தரையைத் தொடுகிறது. மேற்கே போனால் காவலூர் வானாய்வகம், அதைத் தாண்டி ஆலங்காயம். ஜமுனாமரத்தூருக்கு அருகே ஒரு நீர்வீழ்ச்சிக்குப் பீமன் பெயர் வழங்குகிறது. மலையில் பெயராக இருக்கும் பீமனை, அடிவாரத்தில் கதாயுதத்தோடு நேரில் பார்க்கலாம்.

கூத்துக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பத்துப்பாட்டில் கடைசி நூலான மலைபடுகடாம், 583 அடிகளில், கூத்தர் குழு ஒன்றுக்கு வழி சொல்லும் நூல். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது; கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர் உண்டு. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். நூலில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து ஓடும் செய்யாறு. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வரும் கூத்தனிடம் பன்றிப் பொறிகள், பாம்புகள், வழுக்கும் பாறைகள், புனம் காப்போர் வீசும் கவண்கற்கள் ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கிறான். எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்றும் சொல்லி அனுப்புகிறான். அந்தக் குழுவில் ஆண்கள் மட்டும் இல்லை. விறலியரும் கூடவே நடக்கிறார்கள். இந்த மலையடிவாரத்தில் கலை தனி ஆளாக வழி நடந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

மலைவாழ் மலையாளி மக்களைப் பற்றி இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் ஒரு தொன்மக்கதை பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் வீட்டுப் பெண்கள் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் கவர்ந்து செல்கிறார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்துவிட்டதாகக் கொண்டு கருமம் செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிச் செல்கிறார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிடுகின்றன. வென்று வீடு வந்த கணவர்கள், உயிரோடு இருக்கும்போதே தங்கள் மனைவியர் விதவைக்கோலம் பூண்டிருப்பதைக் காண்கிறார்கள். ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறி உழுது வாழ்ந்தார்கள் என்று கதை முடிகிறது. சொன்ன சொல்லை மனைவி காத்ததால் நேர்ந்த பிரிவு இது. பாரதத்திலும் ஒரு பெண் சொன்ன சொல்லைக் காக்கிறாள். துரியோதனன் சாகும்வரை கூந்தல் முடிவதில்லை என்ற அந்தச் சபதத்தைச் சுற்றித்தான் அடிவாரத்து விழா முழுதும் சுழல்கிறது.

விழாவுக்குக் கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் தொண்டர்களின் நோன்பு தொடங்குகிறது. காப்புக் கட்டியவர்கள் புலால் உண்பதில்லை, மது தொடுவதில்லை, ஊர் எல்லை தாண்டி இரவு தங்குவதில்லை. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் தனித்தனியே உறங்குகிறார்கள். இந்த விலகல்தான் அவர்கள் சேர்ந்து செய்யும் முதல் தொண்டு. ஒருவர் நோன்பை மற்றவர் காக்காவிட்டால் அது நிலைக்காது. மனைவிக்கு நோன்புச் சமையல் என்றால் வீடு முழுவதற்கும் அதுதான் சமையல்.

கூத்துக் குழுவுக்குச் சாப்பாடு போடுவது அடுத்த பொறுப்பு. விடிய விடிய ஆடிய கலைஞர்கள் அரிதாரத்தைக் கழுவிவிட்டு உறங்கி எழும் நேரத்தில் சோறு தயாராக இருக்க வேண்டும். பதினைந்து இருபது பேருக்கு நாள் தவறாமல் சமைப்பது சிறிய வேலை அல்ல. அரிசியும் விறகும் கணவன் தலையில், அடுப்பு மனைவி பொறுப்பில் என்ற பழைய பிரிவினை இங்கேயும் உண்டு. பந்திக்கு இலை போடும்போது மட்டும் அது கலைந்துவிடுகிறது.

திரௌபதி திருக்கல்யாணத்தன்று ஊர் பெண்வீட்டாராகிறது. தாம்பாளத்தில் பழம், பூ, மஞ்சள், புடவை எடுத்துத் தம்பதி சமேதராக ஊர்வலம் வருகிறார்கள். தாலி கட்டும் கணத்தில் கொட்டும் மேளம், நிஜக் கல்யாணத்தில் கொட்டும் அதே மேளம்தான். பகாசூரன் கதை நடக்கும் நாளில் பீமன் வேடக்காரர் மாட்டுவண்டியில் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் வண்டியில் சேரும். பார்வையாளர் என்று யாரும் அன்றைக்கு மிஞ்சுவதில்லை. வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஏகசக்கரபுரத்துக் குடிகள்.

அர்ஜுனன் தபசு இந்த விழாவின் மிக அந்தரங்கமான பகுதி. பாசுபதம் பெறக் கயிலை ஏறும் அர்ஜுனனுக்காக, உயரமான மரம் ஒன்றைப் படிகள் பொருத்தி நட்டிருப்பார்கள். அர்ஜுனன் வேடக்காரர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடியபடி ஏறுகிறார். அவர் உச்சியை அடையவே நெடுநேரம் ஆகும். கீழே, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் குளித்து, ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்திருப்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் திருநீறும் வந்து விழும். தங்கள்மேல் விழுந்ததை அவர்கள் பிரசாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணவன்மார் கூட்டத்தின் விளிம்பில் நிற்பார்கள். குழந்தை இல்லாத துக்கத்தைப் பெண் ஒருத்தியின் குறையாகப் பேசும் ஊர்வழக்கு இன்னும் மறையவில்லை. அந்த வழக்கின் நடுவே, மரத்தடிவரை மனைவியோடு வந்து, ஊர் பார்க்க அவளுக்காகக் காத்து நிற்கும் கணவன் செய்வதும் தொண்டுதான். மரத்தில் இருப்பவர் நடிகர் என்பது எல்லோருக்கும் தெரியும். படி ஏறி முடித்தபின் அவர் கையிலிருந்து விழுவது வரம் என்பதிலும் யாருக்கும் ஐயம் இல்லை.

கூத்து மேடையில் மரபாகப் பெண்கள் ஆடியதில்லை. திரௌபதியாக ஆடுபவரும் ஆண்தான். கட்டை என்பது கிரீடம், புஜகீர்த்தி முதலிய மர அணிகலன்களைக் குறிக்கும் சொல். கூத்தின் பெயரும் அதிலிருந்து வந்தது. துகிலுரியும் இரவில் கற்பூரம் ஏற்றி, மேடையை வழிபாட்டிடமாக்கிய பிறகே துச்சாதனன் புடவைமேல் கை வைக்கிறான்.

மரபில் பெண்களுக்கு இடம் திறந்தவர்களில் ஒரு தம்பதியைக் குறிப்பிட்டாக வேண்டும். கூத்துக் குடும்பத்தில் பிறந்து சிறுவயதிலேயே ஆடத் தொடங்கிய பெ. ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னா டி ப்ரூயினும் கணவன் மனைவி. 1990-இல் காஞ்சிபுரத்தில் உருவான கட்டைக்கூத்துச் சங்கமும், 2002-இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் தொடங்கிய குருகுலமும் அவர்கள் உழைப்பில் வளர்ந்தவை. குருகுலத்தில் பள்ளிப்படிப்போடு கூத்தும் கற்பிக்கப்பட்டது. சிறுவர்களோடு சிறுமிகளும் கட்டை கட்டி ஆடினார்கள். தெருக்கூத்து என்ற பெயர் கலையைச் சிறுமைப்படுத்துகிறது என்று கருதிக் கட்டைக்கூத்து என்ற பெயரையே ராஜகோபால் வலியுறுத்தினார். ஒருவர் ஆட, ஒருவர் எழுத, ஒரு கலைக்கு இருவர் சேர்ந்து கொடுத்த ஆயுள் அது.

வெளிநாட்டு ஒப்பீடு ஒன்று இங்கே பொருந்தும். ஜெர்மனியின் ஓபரம்மெர்காவ் கிராமம் 1633-இல் கொள்ளைநோயின்போது செய்த நேர்த்திக்கடனின்படி, 1634 முதல் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்திவருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற முறை பின்னர் நிலைபெற்றது. கடைசியாக நடந்தது 2022-இல். அங்கே பிறந்தவர்கள், அல்லது 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்கள்தான் பங்கேற்கலாம். மணமான பெண்களுக்கும் 35 வயதைக் கடந்த பெண்களுக்கும் மேடையில் இடமில்லை என்ற விதி 1990 வரை இருந்தது. வழக்காடி அதை உடைத்த பிறகே அங்கே கணவனும் மனைவியும் ஒரே நாடகத்தில் நடிக்க முடிந்தது. அடிவாரத்துப் பாரதத்தில் மேடைதான் பெண்ணுக்கு மூடியிருந்தது. மேடைக்கு வெளியே, தெருவிலும் வயலிலும், அவள் இல்லாமல் எந்தக் கட்டமும் நடந்ததில்லை.

படுகளத்தில் இதை முழுமையாகக் காணலாம். பதினெட்டாம் போர் நாடகம் இரவெல்லாம் நடந்து, விடிந்ததும் ஊர்ப் பொதுவெளிக்கு நகர்கிறது. அங்கே 20, 30 அடிக்கு மேல் நீளமாக, மண்ணால் செய்து வண்ணம் தீட்டிய துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். நாட்கணக்கில் மண் சுமந்து, பிசைந்து, அப்பி உருவாக்கிய உடல் அது. பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கண்ணன் தொடையைக் காட்டுகிறான். அடி விழுகிறது, சிவப்பு நீர் பீறிடுகிறது. அம்மனின் கூந்தலில் அது தடவப்பட்டு, வாரி முடிக்கப்பட்டுப் பூச் சூட்டப்படுகிறது. சபதம் நிறைவேறிவிட்டது.

ஆனால் நாடகம் அங்கே நிற்பதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைக்கிறாள். தோற்றவனின் மனைவிக்கும் அழ இடம் தருவது இந்த விழாவின் பெருந்தன்மை. அந்த ஒப்பாரியில் கூட்டத்துப் பெண்கள் கண் துடைத்துக்கொள்வது பாவனை அல்ல.

பிறகு மண்ணுருவம் கலைகிறது. ஆளாளுக்கு ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொள்கிறார்கள். மாலையில் தீக்குழி தயாராகிறது. காப்புக் கட்டியவர்கள் நீராடி, மஞ்சள் உடுத்தி, பூங்கரகத்தின் பின்னால் தணலில் இறங்குகிறார்கள். தமிழர் கடல் கடந்த இடங்களுக்கும் இந்த வழிபாடு போயிருக்கிறது. இலங்கையின் உடப்பிலும், சிங்கப்பூரின் ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலும் திரௌபதிக்காகத் தீ மிதிக்கிறார்கள்.

அடுத்த நாள் தருமர் பட்டாபிஷேகம். கொடி இறங்குகிறது, காப்பு அவிழ்கிறது, கூத்துக் குழு அடுத்த ஊருக்கு வண்டி ஏறுகிறது. வீடுகளில் நோன்புச் சட்டிகள் கழுவிக் கவிழ்க்கப்படுகின்றன. எடுத்துவந்த படுகளத்து மண் நெற்குதிரில் சேர்கிறது. போளூரில் ஜமுனாமரத்தூர்ப் பேருந்து புறப்படக் காத்திருக்கிறது.