கேட்கத் தெரிந்தவர்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. கடைசல் இயந்திரத்தின் முன் நின்றே குடும்பத்தைக் கரையேற்றிய தந்தையரை இப்பகுதிப் பங்குகளில் இன்றும் காண்கிறோம். பின்னர்க் கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்தன, கைகளின் தேவை குறைந்தது. அவ்வாறு வேலையிழந்த நம் பங்கு இளைஞர் ஒருவர் வளைகுடா நாடொன்றுக்குச் சென்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அவருடைய தாய் அலைபேசியோடு நம்மிடம் வந்தார். "ஃபாதர், பையனைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களாம். இதுல என்ன எழுதியிருக்கு?" அரபு மொழியில் ஒரு பக்கம். மொழிபெயர்க்கும் செயலியில் இட்டோம், நொடியில் தமிழாயிற்று. 'கஃபீல்' என்ற சொல் 'உத்தரவாதம் அளிப்பவர்' என வந்தது. "பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார், அம்மா" என்று ஆறுதலும் கூறிவிட்டோம்.

ஆயினும் மனம் அமையவில்லை. மறுநாள், பள்ளிவாசலில் அரபு கற்பித்து ஓய்வுபெற்ற முதியவரிடம் தாயை அழைத்துச் சென்றோம். அவர் இருமுறை வாசித்தார். "இங்கே கஃபீல் என்றால் வேலைக்கு அழைத்த முதலாளிதான், ஃபாதர்" என்றார். பின்னர்த் தாயை நோக்கி, "சம்பளம் முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி இருக்கிறதம்மா. பிள்ளை வாங்கிவிட்டாரா?" என்று கேட்டார். மூன்று மாத ஊதியம் நிலுவையில் இருந்தது. அவ்வரியைச் செயலியும் பிழையின்றியே தந்திருந்தது, நாமும் வாசித்திருந்தோம். கேட்கத்தான் நமக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தவர். ஒரே நூலின் பல படிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்குவது அவர் வழக்கம். மருத்துவ நூலில் பிழை நேர்ந்தால் துன்புறுபவர் நோயாளி அல்லவா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு தொலேதோ நகரில் அரபு நூல்களை இலத்தீனுக்குக் கொணர்ந்தார். புனித தோமா அக்குவினாசும் இப்னு ருஷ்தின் அரபு உரைகளை இலத்தீன் வழியாகவே கற்றார். குருமடத்தில் தோமாவைப் பயின்ற நாம், இடையே நின்ற அம்மொழிபெயர்ப்பாளர்களை எண்ணியதில்லை.

மனிதருக்காகவே உழைப்பு, உழைப்புக்காக மனிதர் அல்ல என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அரபுக் கதைகள் பல தமிழுக்கு ஆங்கிலத்தைச் சுற்றியே வந்தன. இனி இயந்திரம் அவற்றை நேரே தரக்கூடும். அதை நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முதியவருக்குப்பின் அவருடைய நாற்காலியில் அமர எவரையேனும் நாம் பயிற்றுவிக்கிறோமா?

இளைஞர் கையெழுத்திடவில்லை. இரண்டு மாத ஊதியத்தோடு ஊர் திரும்பினார், எஞ்சியது வரவேயில்லை. கடைசல் பிடித்த அவர் கைகளைத் தொழிற்கூடம் விடுவித்த நாளில், அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காதிருந்தோமே என்பதுதான் இன்றும் நம்மை உறுத்துகிறது.