குழாயடியில் பதினாறு டம்ளர்கள்

எங்கள் தமிழ்த்துறையில் ஒரு மாதப் போட்டி வைத்தோம். இரண்டு அணிகள். சொந்த டம்ளரில் டீ குடித்தால் மதிப்பெண், ஆளில்லாத அறையில் மின்விசிறியை அணைத்தால் மதிப்பெண். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. ஆனாலும் எங்கள் குப்பைத்தொட்டி அவற்றால்தான் நிரம்பி வழிந்தது. பத்தே நாளில் தொட்டி காலி. பெருமையாக இருந்தது.

ஒரு மாலை, மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பினேன். துறையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா குழாயடியில் குந்தியிருந்தார். முன்னால் பதினாறு டம்ளர்கள். என்னுடையதும் அதில் இருந்தது.

"முன்னெல்லாம் கப்பைக் கூட்டித் தள்ளிட்டு அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சிருவேன் மேடம்" என்றார். குறை சொல்லும் குரலில்லை.

வீட்டில் நடப்பதுதான் இங்கும் நடந்திருக்கிறது. பூமியைக் காக்கக் கிளம்பிய நாங்கள், அந்த வேலையை ஒரு பெண்ணின் கையில் தள்ளிவிட்டு மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டோம். பெண்ணியம் நடத்துகிற நானும்தான்.

குடித்தவரே கழுவ வேண்டும் என்று மறுநாள் விதி கேட்டேன். "அதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம்?" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். "கூட்டுறதுக்கு சார்" என்றேன்.

விதி வந்தது. எங்கள் அணியில் மூன்று பேர் காகிதக் கோப்பைக்கே திரும்பினார்கள். தோற்றோம். அக்காவுக்கு அஞ்சு மணி பஸ் கிடைக்கிறது.