வெடிக்கு முன்னால் ஒரு வார்த்தை... காந்திகிராமத்து வாயில்லா ஜீவன்களின் தீபாவளி!

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் பஸ் ஏறினால், வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். அம்பாத்துரை தாண்டி, திண்டுக்கல்லுக்கு 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சமிருக்கும்போது ஒரு பெரிய வளாகமும் அடர்ந்த மரங்களும் கண்ணில்படும். அதுதான் காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் கிராம மக்களுக்காகத் தொடங்கிய இடம். கிராமியப் பல்கலைக்கழகம், கஸ்தூரிபா மருத்துவமனை, கதர், சித்த மருந்து எனப் பல கிளைகள் விட்டு வளர்ந்திருக்கிறது.

பக்கத்திலேயே சின்னாளபட்டி. சுங்குடிச் சேலை என்றதும் நினைவுக்கு வரும் ஊர். தீபாவளி நெருங்கினால் சேலைக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. சுற்றிலும் திராட்சை, தென்னை, சோளம். வீட்டுக்கு வீடு ஒரு மாடோ, நாலு ஆடோ, பஞ்சாரத்தில் கோழியோ இருக்கும். வாசலில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருக்கும்.

வருஷத்தில் பெரும்பாலான நாள்கள் இங்கே கேட்பது லாரி ஹாரனும் ரயில் சத்தமும்தான். தீபாவளியன்று மட்டும் கதை வேறு. முதல் லட்சுமி வெடி வெடித்ததும் தெருநாய்கள் லாரிக்கு அடியில் நுழைகின்றன. கட்டுத்தறியில் மாடு கயிற்றை இழுக்கிறது. பூனை பரண் ஏறினால், மறுநாள் மதியம்வரை இறங்குவதில்லை.

நமக்கு அது திருவிழா. அவற்றுக்கு?

நம் காது வேறு, அதன் காது வேறு

மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கும். நாய்க்கு இது சுமார் 45,000. பூனைக்கு 60,000-க்கும் மேல். நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகளும் அவற்றுக்குக் கேட்கும் என்று அர்த்தம்.

சத்தத்தைவிடப் பெரிய பிரச்னை ஒன்று இருக்கிறது. பத்த வைப்பது நாம். திரி எரிவது நமக்குத் தெரியும், காதைப் பொத்திக்கொள்கிறோம். நாய்க்கு அது எங்கிருந்து வருகிறது, எப்போது வரும், எப்போது நிற்கும் என எதுவுமே தெரியாது. அதன் கணக்கில் அது ஆபத்து. ஓட வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் அந்த நேரத்தில் சுவர் ஏறிக் குதிக்கும், கம்பி வேலிக்குள் நுழையும், நெடுஞ்சாலை என்றும் பார்க்காமல் ஓடும். காந்திகிராமம் மாதிரி நான்குவழிச் சாலையை ஒட்டிய ஊர்களில் இது உயிர் போகிற விஷயம்.

இந்தப் பக்கத்தில் கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்கள் வளர்ப்பவர்கள் உண்டு. வேட்டைக்குப் பெயர்பெற்ற இனங்கள் இவை. மிரண்டு ஓட ஆரம்பித்தால், பின்னால் ஓடிப் பிடிக்க நம்மால் ஆகாது. அதனால், ஓடவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி.

காலை 6, இரவு 7... இந்த இரண்டு மணி நேரம்தான் கணக்கு

2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்தை நாளுக்கு இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 எனப் பிரித்துக்கொண்டது. இந்த நேரத்தைத் தாண்டியும் வெடிச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆனாலும், செல்லப்பிராணி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிய உதவி. எப்போது சத்தம் உச்சத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே!

* மாலை 5 மணிக்குள் நாயை வெளியே அழைத்துப்போய் நன்றாக நடக்க வையுங்கள். சிறுநீர், மலம் கழித்து, சாப்பாடும் முடிந்திருந்தால் இரவு வெளியே போக வேண்டிய தேவை இருக்காது.
* வாசலில், திண்ணையில் சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள். மிரண்டு சுவர் தாண்டினால் சங்கிலியே தூக்குக் கயிறாகிவிடும். வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.
* வீட்டின் நடு அறையில், கட்டிலுக்கு அடியில், ஒரு மூலையில் பழைய போர்வை போட்டு வையுங்கள். அதற்கு வழக்கமான இடம் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். ஜன்னலை மூடி, ஃபேனையும் டிவியையும் ஓட விடுங்கள்.
* ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்காதீர்கள். குறிப்பாகப் பூனையை. அது தேர்ந்தெடுத்த இடம்தான் அதற்குப் பாதுகாப்பு.
* கழுத்து பெல்ட்டில் உங்கள் செல்போன் எண்ணை எழுதி வையுங்கள். தப்பித் தவறி ஓடிவிட்டாலும், கண்டெடுப்பவர் கூப்பிட ஒரு வழி இருக்கும்.
* கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டை உள்ளே எடுத்து வந்து, காற்று போகும்படி மெல்லிய துணியால் மூடலாம்.

'பயப்படும் நாயைக் கொஞ்சினால் இன்னும் பயந்தாங்கொள்ளி ஆகிவிடும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. பயம் என்பது தப்பான பழக்கம் அல்ல, நாம் கொஞ்சி வளர்த்துவிட. உங்கள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால், அமைதியாகத் தடவிக் கொடுங்கள். தனியாக இருக்க விரும்பினால், விட்டுவிடுங்கள்.

நடுக்கம், விடாத மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகுவது, பிடித்ததைக்கூடச் சாப்பிடாதது போன்றவை கடுமையான பயத்தின் அறிகுறிகள். போன வருஷம் உங்கள் நாய் இப்படி இருந்ததென்றால், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. உடம்பு அசையாமல் கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கலாம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

கட்டுத்தறிப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்

'செல்லப்பிராணி' என்றால் நகரத்தில் நாயும் பூனையும். காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டுக்கும் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். காலை 6 மணி என்பது பட்டாசு நேரம் மட்டுமல்ல, பால் கறக்கும் நேரமும்கூட. மிரண்ட மாட்டுக்கு மடி சுரக்காது. மடியில் பால் இருந்தாலும் இறங்காது, உதைக்கவும் செய்யும். அதனால், அன்றைக்கு மட்டும் கறவையை 6 மணிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மாட்டை வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது. ஒரு ராக்கெட் வழிதவறி விழுந்தால், கட்டிய கயிற்றோடு மாடு என்ன செய்யும்? சினை மாடு, இளங்கன்று, ஜல்லிக்கட்டுக் காளை இவற்றைத் தெருவைவிட்டுத் தள்ளி, கொட்டகைக்குள் கட்டுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் இன்னும் நல்லது. பழகிய குரல் கேட்டால் மாடு அடங்கும். கோழிகளைப் பொழுது சாயும் முன்பே அடைத்துவிடலாம்.

மறுநாள் காலையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெடித்த காகிதம், கம்பி மத்தாப்புக் கம்பி, வெடிக்காத வெடி எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். புல்லோடு சேர்த்து மேய்கிற மாட்டுக்குக் கம்பி எது, காம்பு எது என்று தெரியாது. வண்டியை எடுக்கும் முன் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ராத்திரி ஒளிந்த நாயோ, குட்டியோ அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

லட்டும் திராட்சையும்

சிறுமலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள் நிறைய. பண்டிகை வீட்டில் லட்டில், கேசரியில், பாயசத்தில் உலர் திராட்சை கட்டாயம் இருக்கும். நாய்க்குத் திராட்சை ஆகாது என்பது பலருக்குத் தெரியாது. பழமாக இருந்தாலும் உலர்ந்ததாக இருந்தாலும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சாக்லேட்டும் விஷம்தான். 'பண்டிகை நாளாச்சே, அதுவும் சாப்பிடட்டும்' என்று தோன்றினால் ஒரு முட்டையோ, கொஞ்சம் கோழியோ வேகவைத்துப் போடுங்கள். அதற்கும் தீபாவளிதான்.

தீக்காயம் பட்டுவிட்டால், காயத்தில் குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எண்ணெய், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். ஆடு மாடுகளுக்கு அவசரம் என்றால், கால்நடை ஆம்புலன்ஸ் சேவைக்கான கட்டணமில்லா எண் 1962-ஐ அழைக்கலாம்.

நாய் வாலில் சரம் கட்டிக் கொளுத்துவது விளையாட்டு அல்ல, குற்றம். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனை உண்டு. விலங்கு இறந்தாலோ, ஊனமானாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.

வெடியே வெடிக்காத ஊர்

இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் செய்கிற ஏற்பாடு. ஓர் ஊரே சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும்? பார்க்க விரும்பினால் காந்திகிராமத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி வழியாகத் திருப்பத்தூர் பக்கம் போனால் போதும். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுகுடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் அங்கேதான் இருக்கின்றன.

இங்குள்ள கண்மாய்கள் 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பளவு சுமார் 38 ஹெக்டேர்தான். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், இராக்கொக்கு எனக் கூட்டம் கூட்டமாக வந்து, தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. சரியாகத் தீபாவளி சமயம். ஒரு வெடி வெடித்தால் தாய்ப்பறவை பதறிப் பறக்கும். முட்டை காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். குஞ்சு கீழே விழும்.

அதனால், இந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளிக்கு மட்டுமல்ல, கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் வெடி கிடையாது. வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொடுத்து இவர்களுக்கு நன்றி சொல்வதும் வழக்கமாக இருக்கிறது. சட்டம் போட்டு வந்த அமைதி அல்ல இது. ஊரே பேசி முடிவெடுத்து, பேரன் பேத்திகள்வரை சொல்லிக்கொடுத்து வந்த அமைதி.

உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படி யோசிக்கிறார்கள். அரிய விலங்குகளுக்குப் பெயர்பெற்ற கலபகோஸ் தீவுகளில், 2018 இறுதியில் சத்தம் எழுப்பும் வெடிகளுக்குத் தடை வந்தது. சத்தமில்லாத வாணங்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

நம் தெருவில் என்ன செய்யலாம்?

எல்லா ஊரும் கொள்ளுகுடிப்பட்டி ஆக முடியாது. நாம் வாங்கும் பட்டாசை நம்பி சிவகாசியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. குழந்தைகளின் சந்தோஷமும் சின்ன விஷயமல்ல. ஆனால், புஸ்வாணம், சங்குச்சக்கரம், கம்பி மத்தாப்பு எல்லாமும் பட்டாசுதான். வெளிச்சம் நிறைய, சத்தம் குறைவு. 'பசுமைப் பட்டாசு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். புகை குறைவு என்றுதான் அர்த்தம், சத்தமே வராது என்று அல்ல.

இன்னொன்று. தீபாவளிக்காவது நாளும் நேரமும் தெரியும். நம் ஊர்களில் கோயில் கொடை, கல்யாண ஊர்வலம், இறுதி ஊர்வலம், கட்சித் தலைவர் வருகை எல்லாவற்றுக்கும் வெடி உண்டு. அதற்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது. பால் கறந்துகொண்டிருக்கும்போதே வெடிக்கும். நாயோடு நடந்துகொண்டிருக்கும்போதே வெடிக்கும்.

இதற்குப் பெரிய போராட்டமெல்லாம் வேண்டாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போதும்: 'இன்று மாலை 6 மணிக்கு ஊர்வலம், வெடி உண்டு.' வீட்டுக்கு வீடு தனித்தனியாக வெடிக்காமல், தெருவுக்குப் பொதுவாக ஒரு மைதானத்தில் வெடிக்கலாம். 'தம்பி, இங்க கன்னுக்குட்டி கட்டியிருக்கு, அந்தப் பக்கம் போய்ப் போடுப்பா' என்று பெரியவர்கள் சொன்னால், கேட்காத பிள்ளைகள் குறைவுதான்.

வெடிப்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கதவைச் சாத்த, மாட்டைப் பிடித்துக் கட்ட, பூனையைத் தேட அவர்களுக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஓர் உயிர் தப்பிக்கும்.