நிறுத்தி வைத்த செங்கல்

கோட்டுகாலில் அந்த வீட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த நேரத்தில் போனேன். நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்காரர் கேட்டது இரண்டு: பார்க்கப் பழைய ஓட்டு வீடாக இருக்க வேண்டும், ஏசி இல்லாமல் கோடையைத் தள்ள வேண்டும்.

பாறசாலைக் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைக்கவில்லை. குத்துவாக்கில் இரண்டு கல்லை எதிரெதிரே நிறுத்துகிறார், நடுவே மூன்று அங்குல இடைவெளி. அடுத்து குறுக்கே ஒரு கல். இதற்குப் பெயர் எலிப்பொறிக் கட்டு. சுவர் ஒன்பது அங்குலம்தான், உள்ளே வரிசையாகக் காற்றறைகள். கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகிறது, வெயில் உள்ளே இறங்கவும் நேரமெடுக்கிறது. மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் அடைத்துக் கட்டுகிறார்.

“கல்லு வளைஞ்சிருந்தா வரி ஓடிரும், கேட்டியளா சாரே. பூசி மறைக்கவும் முடியாது.”

இடைவெளியின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டுதான் சாந்து போடுகிறார். அந்தப் பலகையை நகர்த்தும் வேலை உடன் நிற்கும் வங்காளி இளைஞருக்கு. அரைகுறை இந்தியிலும் கைச்சாடையிலும் பாடம் நடக்கிறது.

இந்தப் பக்கத்துக் கைகளுக்கு இந்தக் கட்டைப் பழக்கியவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர், 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். பொருளுக்குப் போகிற பணம் வேலை செய்கிறவன் கைக்குப் போகட்டும் என்பது அவர் கணக்கு. 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் நிறுவனம் அந்த வழியில் இன்றும் கட்டுகிறது.

எனக்கென்னவோ, சுவரைவிடக் கூரைதான் முக்கியம். இந்த ஊர் ஏறத்தாழ எட்டரை டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் தலைக்கு நேராக இறங்கும். தட்டையான பகுதிக்கு ஃபில்லர் ஸ்லாப் போடப் போகிறார்கள்: கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து, மேலே கான்கிரீட். தளத்தின் அடிப்பக்கத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட் வீண் பாரம். அந்த இடத்தை ஓடும் அதற்குள் அடைபட்ட காற்றும் எடுத்துக்கொள்கின்றன. முன்பக்கச் சாய்ப்பு நீண்டு இறங்கும். இடவப்பாதிப் பருவமழை பூச்சில்லாத சுவரில் அடிக்கக் கூடாதே.

வழியில் பார்த்த புதுவீடுகள் சிலவற்றில் சாய்வான கான்கிரீட்டின் மேல் ஓட்டை ஒட்டியிருந்தார்கள். போட்டோவுக்குக் கிராமத்து வீடு, அவ்வளவுதான். மரக் கழுக்கோலில் அடுக்கிய ஓட்டின் இடுக்கு வழியே சூடு வெளியேறும். கான்கிரீட்டோ பகலில் வாங்கியதை ராத்திரி முழுக்க உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்.

“கான்ட்ராக்டுக்குக் கேட்டா இதைக் கட்டமாட்டேன், நாள்கூலிதான்” என்றார் கொத்தனார். நியாயம்தான். இப்படி வீடு கட்ட நினைப்பவர்கள், கல்லில் மிச்சமான பணத்தைக் கூலியிலும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அவசரப்படுத்தினால் சாந்து உள்ளே விழும். அறைகள் அடைபட்டால் அந்தக் கட்டினால் வெயிலுக்கு ஒரு பயனும் இல்லை.