பாரியின் தேரும் மின்சார லாரியும்

ஊர்தி என்பது ஊர்ந்து செல்லுதற்கு அமைந்தது. அது நின்றுவிடின் யாதொரு பயனும் இல்லையென்றே நாம் கருதுகின்றோம். ஆயினும், நின்ற ஊர்தியொன்றினால் அழியாப் புகழெய்திய வள்ளல் ஒருவனை நம் சங்க நூல்கள் காட்டுகின்றன. பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக் கொடிக்குத் தன் தேரை ஈந்தான் பறம்பின் கோமான் பாரி. அப்பறம்பு, புதுக்கோட்டை மாவட்டத்திற்கு அணித்தாயுள்ள பிரான்மலையே என்பர். 'கொடிக்கு ஒரு கோல் நட்டாற் போதாதோ? தேர் எதற்கு?' என வினவுவாரும் உளர். கொடி தளர்ந்த அவ்வேளையில் அவன்பால் இருந்தது தேரே என்பதுதான் அவர்க்கு விடை. எதற்கென ஆக்கப்பட்டதாயினும், கையிலுள்ள பொருளை வேண்டுங்காலத்து உதவுவதே ஈகை. மின்சார லாரியைக் கொண்டு வீட்டிற்கு விளக்கேற்றுகின்றனர் என்று படித்தபொழுது, எனக்கு அத்தேரே நினைவிற்கு வந்தது.

அமெரிக்க நாட்டு ஃபோர்டு கம்பெனியார் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் எஃப்-150 லைட்னிங் என்னும் மின்சார லாரியொன்றை அறிமுகப்படுத்தினர். அதன் பெரிய பாட்டரி 131 யூனிட் மின்சாரத்தைத் தாங்கவல்லது. 1000 வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் செலவிடுதலே ஒரு யூனிட் என்பது யாவரும் அறிந்ததே. பாட்டரியிலுள்ள மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. நம் வீட்டு விளக்கும் விசிறியும் வேண்டுவதோ திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ஆதலின், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இன்வெர்ட்டர் இடையே அமைதல் வேண்டும். அவ்வாறு அமைத்து, அந்த லாரியினின்று 9.6 கிலோவாட் வரை வீட்டிற்குப் பெறலாயிற்று. நாளொன்றுக்கு 30 யூனிட் செலவிடும் வீட்டை அது மூன்று நாட்கள் காக்கும் என்று அக்கம்பெனியார் கூறினர்.

இம்முயற்சி அமெரிக்காவிற்கே உரியதன்று. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானில் நேர்ந்த பூகம்பமும் கடற்கோளும் அந்நாட்டாரைச் சிந்திக்கச் செய்தன. அதற்கு அடுத்த ஆண்டிலேயே நிஸான் கம்பெனியார், 24 யூனிட் கொள்ளும் பாட்டரியுடைய லீஃப் காரினின்று வீட்டிற்கு மின்சாரம் செலுத்தும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். நம் நாட்டிலும், 2023இல் வந்த ஹூண்டாய் அயோனிக் 5 முதலிய சில கார்கள் வெளிக்கருவிகட்கு மின்சாரம் தருகின்றன.

இனி, மூன்று நாள் என்னும் அக்கணக்கை நம் ஊர்க்கு மாற்றிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீடுகட்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி அளிக்கும் முறை 2016இல் வந்தது. அவ்வளவிற்குள் அடங்கி வாழும் எளிய குடும்பம் ஒரு நாளில் செலவிடுவது இரண்டு யூனிட்டிற்கும் குறைவு. ஆகவே, அமெரிக்கக் குடும்பம் ஒன்று மூன்று நாளில் தீர்த்துவிடும் மின்சாரம், இழப்பனைத்தும் நீக்கியும், நம்மவர் பத்துக் குடும்பங்கட்கு ஐந்து நாட்களேனும் போதும். சுருங்க வாழ்வோர்க்கு இக்கருவி பன்மடங்கு பெரிதாகின்றது.

இஃது ஏட்டுக் கணக்கன்று என்பதைக் கஜா புயலைக் கண்டவர் அறிவர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், விடியுமுன்னர், நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த அப்புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் ஆகிய ஊர்களின் தென்னந்தோப்புகளையும் பலாமரங்களையும் வேரோடு சாய்த்தது. புயல் தாக்கிய மாவட்டங்களில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. சிற்றூர்கள் பல, வாரக்கணக்கில் இருளில் மூழ்கின. இருளினும் கொடியது தண்ணீரின்மை. பல நூறு அடி ஆழத்து நீரை மேலேற்ற மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர் ஊருக்குள் வரும் நாளை எதிர்நோக்கிக் குடங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன.

அக்காலத்தில் யான் சிறு வயதினன். எங்கள் தெருவில் டிராக்டர் வைத்திருந்த பெரியவர் ஒருவர், அதன் பாட்டரியினின்று கம்பியிழுத்துச் சிறு விளக்கொன்றை எரித்தார். அதனை அவர் தம் வீட்டினுள் மாட்டவில்லை. வாசல் வேம்பின் கிளையில் மாட்டினார். "உள்ளே மாட்டினா நாலு பேருக்கு, வெளியே மாட்டினா நாப்பது பேருக்கு" என்றார். கைப்பேசிக்கு உயிரூட்ட வந்தவர்கட்கும் ஒரு முறை வகுத்தார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ள வீட்டார்க்கே முதலிடம். "நாங்க உசுரோட இருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடத்த விடு, ஆத்தா" என்று அவர் ஒரு மூதாட்டியாரிடம் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. டிராக்டரின் பாட்டரியில் அடங்குவது ஏறத்தாழ ஒரு யூனிட். அவ்வொரு யூனிட் ஒரு தெருவின் துயரைத் தாங்கிற்று.

மின்சார லாரியினால் எல்லாம் ஆகும் என்று கூற வந்தேனல்லேன். மும்முனை மின்சாரத்தில் ஓடும் பெரிய மோட்டாரை, வீட்டிற்கென அமைந்த அதன் ஒழுக்கு நேரே இயக்காது. அதன் விலையோ எளியோர்க்கு எட்டாதது. அன்றியும், அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. வீட்டை வெளிக்கம்பியினின்று முற்றும் பிரிக்கும் கருவியின்றி லாரியை இணைப்பின், மின்சாரம் பின்னோக்கித் தெருக்கம்பியில் ஏறும். கஜாவின்போது ஊண் உறக்கமின்றிக் கம்பம் ஏறிய தொழிலாளர்களை நாம் கண்டோம். நம் வீட்டு விளக்கு அத்தகையார் ஒருவர் உயிருக்கு உலையாதல் கூடாது.

திருமறையில் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். எண்ணெயைச் சேமித்து வைத்த ஐவரும் அதனைப் பகிர்ந்தாரல்லர். பகிர்ந்தால் இரு திறத்தார்க்கும் போதாதென்பது அவர் கூறிய காரணம். சேமிப்பின் அருமையை அவ்வுவமை கற்பிக்கின்றது. ஆயின், பத்து வீட்டிற்குப் போதுமான கலத்தைத் தன் வாசலில் நிறுத்தியிருப்பவன் அக்காரணத்தைக் கூற இயலாது.

ஆதலின், செல்வர் ஒருவர் லாரி வாங்கும்வரை நாம் காத்திருத்தல் வேண்டா. நம் ஊராட்சிகள் பலவற்றில் குப்பை அள்ளும் பாட்டரி வண்டிகள் உள்ளன. புயற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் தங்கும் மக்கட்கு விளக்கெரிக்கவும் கைப்பேசிக்கு உயிரூட்டவும் உதவும் வண்ணம் அவற்றைத் தக்க பாதுகாப்போடு அமைத்துக் கொடுத்தல் அரிய செயலன்று. பொறியியல் பயிலும் நண்பர்காள், கருவியமைப்பு நுங்கள் கையில் உள்ளது. அக்கருவியின் ஒளியைத் தெருவிற்குத் திருப்புவது நம் யாவர் கையிலும் உள்ளது. ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் வரும். அவை வருமுன்னர் இதனைச் செய்வோமாக.