வெளியூர் வில்லன்

கதை எழுதுகிற எங்களுக்கு ஒரு சுலப உபாயம் தெரியும்: கதாநாயகன் தோற்றதற்குக் காரணம் அகப்படாவிட்டால், வெளியூரிலிருந்து ஒரு வில்லனை வரவழைத்துவிடுவோம்.

2016-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஹில்லாரி கிளிண்டன் தோற்றதும், அவர் கட்சியார் பலர் ருஷ்யாவைக் கைகாட்டினார்கள். ருஷ்யா விஷமம் செய்தது மெய்தான். 2019-இல் வெளிவந்த முல்லர் அறிக்கை அதை விவரமாகச் சொல்கிறது. ஆனால் அவரைக் கவிழ்த்தவை விஸ்கான்ஸின், மிச்சிகன், பென்ஸில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78,000 வோட்டுகள். வேட்பாளரான பிறகு விஸ்கான்ஸின் பக்கம் அவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. போக வேண்டாமென்று மாஸ்கோவிலிருந்தா உத்தரவு வந்தது?

வில்லன் வந்தால் கூச்சலிட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூச்சலில், ஆலை மூடிப் பிழைப்பிழந்த உள்ளூர்க்காரனின் முனகல் அமுங்கிப் போகிறது. எனக்கு அவனைப் பற்றித்தான் கவலை.